சிக்னல் 11: கம்பைலர் காட்டிக் கொடுத்த கணினிகள்

ஜென்டூ லினக்ஸை நிறுவ உட்கார்ந்தவர்களில் நிறையப் பேருக்கு 2000களில் ஒரு பொதுவான அனுபவம் உண்டு. ராத்திரி பத்து மணிக்குக் கட்டளையைக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். விடிந்து பார்த்தால் வேலை முடிந்திருக்காது. கம்பைலருக்கு உள்ளேயே ஏதோ பிழை, சிக்னல் 11 வந்து நின்றுவிட்டது என்று திரையில் ஒரு வரி இருக்கும். மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால், நேற்று நின்ற இடத்தைச் சமர்த்தாகத் தாண்டிப் போய் வேறொரு கோப்பில் நிற்கும்.

இந்த நிலையில் உதவி கேட்டுப் போனால், விவரம் தெரிந்தவர்கள் பதிலுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். "திரும்ப ஓட்டினால் அதே இடத்தில் நிற்கிறதா, வேறு இடத்தில் நிற்கிறதா?"

பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்தக் கேள்விக்கு ஜென்டூவை விட வயது அதிகம். கோடிக்கணக்கில் சில்லுகள் விற்கும் ஒரு நிறுவனத்தை "ஆமாம், எங்கள் பொருளில்தான் குறை" என்று சொல்ல வைத்ததும் இதே கேள்விதான். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஜென்டூ பற்றிக் கொஞ்சம். பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகள் ரெடிமேட் சட்டை மாதிரி. யாரோ ஒருவர் எங்கோ கம்பைல் செய்து வைத்த நிரல்களை இறக்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஜென்டூ துணியை மட்டும் கொடுக்கும். கூடவே அளவு எடுத்துத் தைக்கிற இயந்திரத்தையும் கொடுக்கும் (அதன் பெயர் போர்ட்டேஜ்). மூல நிரலை இறக்கி, உங்கள் பிராசசருக்கு ஏற்றபடி, உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்து நிறுவும். ஆரம்ப காலத்தில் 'ஸ்டேஜ் 1' என்ற முறையில் நிறுவியவர்கள், கம்பைலரையே முதலில் கம்பைல் செய்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போவார்கள். கேடிஈ, ஓபன் ஆபீஸ் போன்ற பெரிய மென்பொருள்கள் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

இதை ஆரம்பித்தவர் அமெரிக்காவின் டேனியல் ராபின்ஸ். முதலில் வைத்த பெயர் ஈனாக். 1999 டிசம்பரில் அதன் 0.75 பதிப்பு வந்தது. வழக்கமான கம்பைலரை விட வேகமான நிரலைத் தரும் ஈஜிசிஎஸ் என்ற கிளைக் கம்பைலரை வைத்து அவர்கள் சோதனை செய்து பார்த்த காலம் அது. வேகத்தைக் குறிக்கும் விதமாகப் பெயரும் மாறியது. தண்ணீருக்குள் மிக வேகமாக நீந்தும் பென்குவின் இனத்தின் பெயர்தான் ஜென்டூ. இதில் ஒரு வேடிக்கை, ராபின்ஸே தன் சொந்தக் கணினியில் வந்த ஒரு பிழையால் வெறுத்துப்போய், வேலையை நிறுத்திவிட்டுச் சில மாதங்கள் ஃப்ரீபிஎஸ்டி பக்கம் போய்விட்டார்! அங்கே இருந்த 'போர்ட்ஸ்' முறையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துதான் போர்ட்டேஜை இன்றைய வடிவத்துக்குக் கொண்டு வந்தார். 1.0 பதிப்பு 2002 மார்ச் 31 அன்று வெளியானது. 2004இல் ஒரு அறக்கட்டளையை அமைத்து உரிமைகளை அதற்கு மாற்றிவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்தார் என்பது வேறு கதை.

சரி, சிக்னல் 11க்கு வருவோம்.

ஒரு நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவக முகவரியைத் தொட்டால், லினக்ஸ் கெர்னல் அதை அங்கேயே நிறுத்திவிடும். அப்போது அனுப்பும் சமிக்ஞையின் எண் 11. சாதாரணமாக இது நிரல் எழுதியவரின் தவறு. ஆனால் ஜிசிசி போல லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் கம்பைலர், ஒரே கோப்பில் ஒருமுறை சாகிறது, அடுத்த முறை பிழைக்கிறது என்றால் எப்படி?

நெதர்லாந்தைச் சேர்ந்த ரோஜியர் வுல்ஃப் என்பவர் 1990களின் நடுவிலேயே இதற்கு விளக்கம் எழுதி வைத்திருந்தார். அப்போது லினக்ஸ்காரர்கள் எல்லோருமே கெர்னலைத் தாங்களே கம்பைல் செய்துகொள்வது வழக்கம் என்பதால், எல்லோருக்கும் இந்தப் பிரச்சினை வந்துகொண்டிருந்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றால் மென்பொருளைச் சந்தேகப்படு. இடம் மாறி மாறி நின்றால் வன்பொருளைச் சந்தேகப்படு.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். இருப்பாய்வு போடுகிறீர்கள். பற்றும் வரவும் ஒத்துவரவில்லை. திரும்பக் கூட்டினாலும் அதே 450 ரூபாய்தான் உதைக்கிறது என்றால், பேரேட்டில் எங்கோ ஒரு பதிவு தப்பு. ஆனால் முதல் தடவை 450, அடுத்த தடவை 90, மூன்றாம் தடவை 1,200 என்று வித்தியாசம் வந்தால்? பேரேட்டை மூடி வைத்துவிட்டுக் கால்குலேட்டரைப் பார்க்க வேண்டியதுதான். (வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு நகர்வது போல, திரும்பத் திரும்பக் கட்டளை கொடுத்து எப்படியோ முடித்துவிட்டவர்களும் உண்டு. அவர்கள் கணினியில் போய் உட்கார்ந்த நிரல்களில் என்னென்ன தப்பு இருந்ததோ!)

இன்னொரு விஷயம், கம்பைலர் மட்டும் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? படம் பார்க்கும்போது மெமரியில் ஒரு பிட் புரண்டால், ஒரு புள்ளியின் நிறம் கொஞ்சம் மாறும். பாட்டு கேட்கும்போது என்றால் ஒரு சின்ன 'டிக்'. யாரும் கவனிக்க மாட்டார்கள். கம்பைலரோ நீங்கள் கொடுத்த நிரலை மெமரியில் ஒரு பெரிய மரமாகக் கட்டுகிறது. கிளைக்குக் கிளை முகவரிகள்தான். ஒரே ஒரு பிட் மாறினால் 12ஆம் எண் வீடு 76ஆம் எண் வீடாகிவிடும். தபால்காரர் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவார், கெர்னல் பிடித்துக்கொள்ளும். அதோடு, மணிக்கணக்கில் பிராசசர் முழு மூச்சில் ஓடுகிறது, சூடாகிறது, எஸ்எம்பிஎஸ்ஸில் சுமை ஏறுகிறது, ஹார்ட் டிஸ்க்கும் கூடவே ஓடுகிறது. சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும் ராம், இந்த நெருக்கடியில்தான் தன் சுயரூபத்தைக் காட்டும்.

இதை ஏற்றுக்கொள்வதுதான் மக்களுக்குக் கஷ்டமாக இருந்தது. "விண்டோஸ் நன்றாகத்தானே ஓடுகிறது? அப்படியென்றால் லினக்ஸில்தான் கோளாறு!" என்பது அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்ன பதில். கணினி விற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். வாங்கியவர் பாடு திண்டாட்டம். கணினி கடைக்குப் போனால் ஒழுங்காக பூட் ஆகும். பயாஸ் செய்யும் மெமரி சோதனையும் "எல்லாம் சரி" என்று சொல்லும். ஆனால் அந்தச் சோதனை மெமரி இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்வதில்லை.

ஒருகாலத்தில் பிசி மெமரிகளில் ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் ஒன்பதாவதாக ஒரு 'பாரிட்டி' பிட் இருந்தது. ஒரு பிட் புரண்டால் கணினி உடனே கூவிவிடும். 1990களில் விலைப் போட்டி வந்ததும் இந்த ஒன்பதாவது பிட்டைத்தான் முதலில் எடுத்தார்கள். மெமரிச் சில்லுகளில் ஒன்பதில் ஒரு பங்கு மிச்சம். உள் தணிக்கையாளரை வேலையை விட்டு நிறுத்திச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற கம்பெனி மாதிரி! அந்தத் தணிக்கையாளரின் வேலையைச் சம்பளம் இல்லாமல் கம்பைலர் செய்ய வேண்டியதாயிற்று.

இதற்காகவே மெம்டெஸ்ட்86 என்ற கருவியை 1990களில் கிறிஸ் பிராடி எழுதினார். இயங்குதளம் எதுவும் இல்லாமல் தானே பூட் ஆகி, மெமரியின் ஒவ்வொரு மூலையிலும் எழுதி, படித்து, ஒப்பிட்டுப் பார்க்கும். ஜென்டூவின் நிறுவல் குறுந்தகட்டிலேயே இதை ஒரு பூட் தேர்வாகக் கொடுத்திருந்தார்கள். மெம்டெஸ்டில் ஒரு பிழை வந்தால் ராம் அல்லது அதைச் சார்ந்த ஏதோ ஒன்று கெட்டது என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் பிழை வரவில்லை என்பதற்காக எல்லாம் நலம் என்று சொல்லிவிட முடியாது. மெம்டெஸ்டில் ராத்திரி முழுக்கப் பாஸாகிவிட்டு, கம்பைலில் ஃபெயிலாகும் கணினிகள் ஏராளம். அப்போது ஃபேன், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, பிராசசர் என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

பிராசசர் கடைசியில்தான் வரும். ஏனென்றால் அது தப்புச் செய்யும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் செய்திருக்கிறது.

1997இல் ஏஎம்டி தன் கே6 பிராசசரை வெளியிட்டது. இன்டெலை விட மலிவு, வேகமும் பரவாயில்லை என்று லினக்ஸ்காரர்கள் ஆசையாக வாங்கினார்கள். கெர்னல் கம்பைல் செய்தால் சிக்னல் 11. ராமை மாற்றினாலும் சிக்னல் 11. கணினியில் 32 எம்பிக்கு மேல் மெமரி இருந்தால்தான் இது நடக்கிறது என்பதைப் பயனர்களே ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். கடைசியில் அது சில்லின் குறைதான் என்று உறுதியானது. 1997ஆம் ஆண்டின் 30ஆவது வாரத்துக்கு முன் தயாரான பி ஸ்டெப்பிங் சில்லுகளில் அந்தக் குறை இருந்தது.

இதில் லினக்ஸ் கெர்னல்காரர்கள் செய்த காரியம் ரசிக்கத்தக்கது. பழைய சில்லா புதிய சில்லா என்று மென்பொருளால் நேரடியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் ஏஎம்டி அந்தக் குறையைச் சரிசெய்த அதே சமயத்தில், ஒரு குறிப்பிட்ட வகை ஃபங்ஷன் அழைப்பின் வேகத்தையும் கூட்டியிருந்தது. எனவே கெர்னல் பூட் ஆகும்போது, அந்த மாதிரி அழைப்பைப் பத்து லட்சம் தடவை செய்து நேரம் பார்க்கும். ஒரு அழைப்புக்கு 20 கடிகாரத் துடிப்புக்கு மேல் ஆனால் பழைய சில்லு. 32 எம்பிக்கு மேல் பயன்படுத்தினால் கணினியின் உறுதி பாதிக்கப்படலாம் என்று திரையில் எச்சரிக்கை போடும். ஏஎம்டியைத் தொடர்புகொண்டு சில்லை மாற்றிக்கொள்ளுங்கள் என்ற குறிப்பும் கெர்னலின் மூல நிரலில் இருந்தது. கடைக்குப் போகும்போது காட்டுவதற்கு ஒரு அத்தாட்சி கிடைத்த மாதிரி! கே6 சந்தையை விட்டுப் போய் இருபது ஆண்டு கழித்தும் அந்தச் சோதனை கெர்னலில் இருந்தது.

எல்லாச் சமயத்திலும் வன்பொருள்தான் குற்றவாளி என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு நல்ல உதாரணம் ஜென்டூவின் வீட்டிலேயே இருக்கிறது. 2002 ஜனவரியில், ஏஎம்டி ஆத்லான் பிராசசரும் ஏஜிபி கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்த கணினிகள் லினக்ஸில் உறைந்துபோவதற்குக் காரணம் பிராசசரில் உள்ள ஒரு பிழை என்று ஜென்டூ தரப்பிலிருந்து செய்தி வந்தது. 4 எம்பி அளவுள்ள பெரிய நினைவகப் பக்கங்களைக் கையாளுவதில் குறை; பூட் செய்யும்போது 'மெம்=நோபென்டியம்' என்று கொடுத்தால் பிரச்சினை போய்விடும் என்றார்கள். கொடுத்துப் பார்த்தார்கள், பலருக்குப் போய்விட்டது. விண்டோஸ் 2000க்கு இதே மாதிரி ஒரு திருத்தம் ஏற்கனவே வந்திருந்தது தெரிந்ததும் கோபம் இன்னும் அதிகமானது. "அவர்களுக்கு மட்டும் சொன்னீர்கள், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் தீர்ப்பு அவசரப்பட்டது. அலசிப் பார்த்தபோது, லினக்ஸ் கெர்னலே ஒரே நினைவகப் பகுதியை இரண்டு விதமாகப் பதிந்து வைத்திருந்தது தெரிந்தது. ஒரு பதிவில் "இதைக் கேஷில் வைக்கலாம்", இன்னொன்றில் "வைக்கக் கூடாது". ஆத்லான் முன்கூட்டியே ஊகித்து வேலை செய்யும் இயல்புடையது என்பதால் இந்த முரண்பாட்டில் போய் விழுந்தது. பெரிய பக்கங்களை நிறுத்தியதும் பிரச்சினை போனது உண்மை. அதனாலேயே பெரிய பக்கங்களில்தான் குறை என்று ஆகிவிடாது. மாத்திரை போட்டதும் காய்ச்சல் விட்டது, ஆகவே நோய் இதுதான் என்று சொல்வது போன்ற தர்க்கம் அது. பின்னால் வந்த கெர்னல்களில் அந்த இரட்டைப் பதிவைச் சரிசெய்தார்கள்.

ஜென்டூவில் உதவி கேட்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. கேட்பவர் மேலேயே பழி விழும்! அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. வேகம் வேண்டும் என்று கம்பைலருக்குக் கண்டபடி கொடிகளைக் கொடுப்பது அப்போது ஒரு நோய் மாதிரி பரவியிருந்தது. ஓ3 போதாதென்று 'ஃபன்ரோல் லூப்ஸ்' என்ற கொடி வேறு. அந்தப் பெயரை வைத்தே ஜென்டூக்காரர்களைக் கேலி செய்தார்கள். பிராசசரை அதன் அளவுக்கு மேல் முடுக்கி ஓட்டுபவர்களும் நிறைய. அதனால்தான் 'எமர்ஜ் இன்ஃபோ' கட்டளையின் வெளியீட்டைப் போடாமல் உதவி கேட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். என்ன பிராசசர், எந்தக் கம்பைலர், என்னென்ன கொடிகள், எல்லாம் அதில் வந்துவிடும். புதிதாக வருபவருக்கு இது காவல் நிலைய விசாரணை மாதிரி இருக்கும். ஆனால் இப்படி ஒரே அச்சில் வார்த்த வாக்குமூலங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தால், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். அதன் அருமை 2017இல் தெரிந்தது.

அதற்கு முன் 2012. இந்த முறை லினக்ஸ் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து பிரிந்து 2003இல் டிராகன்ஃப்ளை பிஎஸ்டியைத் தொடங்கிய மாத்யூ டிலன், தன் ஏஎம்டி கணினிகளில் கம்பைலர் எப்போதாவது செத்துப்போவதைக் கவனித்தார். அடிக்கடி இல்லை, மிக அபூர்வமாக. வேறு யாராக இருந்தாலும் ராமைத் திட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார்கள். டிலன் தன் கெர்னலையே முதலில் சந்தேகித்து, அதை ஒவ்வொரு பகுதியாக விலக்கிக்கொண்டு வந்து, மாதக்கணக்கில் துரத்தி, பிராசசரில்தான் பிழை என்ற முடிவுக்கு வந்தார். 2012 மார்ச்சில் ஏஎம்டி அதை உறுதிசெய்தது. அடுத்தடுத்து சில 'பாப்' கட்டளைகளும் அருகிலேயே ஒரு 'ரிட்டர்ன்' கட்டளையும் வரும்போது, மிக அபூர்வமான உள்நிலையில், ஸ்டாக் சுட்டி தப்பாகப் பதிவாகிவிடும். தனி ஆள் ஒருவர், சில்லுக்கு உள்ளே எட்டிப் பார்க்க வழியே இல்லாமல், வெளியே இருந்து இதைப் பிடித்தார் என்பது சாதாரண விஷயமில்லை.

2017 மார்ச்சில் ரைசன் வந்தது. பல ஆண்டுகளாக இன்டெலுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டிருந்த ஏஎம்டி எட்டுக் கரு பிராசசரோடு நிமிர்ந்து நின்றது. எட்டுக் கரு என்றால் பதினாறு இழைகள். ஜென்டூக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்! ஓடிப்போய் வாங்கினார்கள். வாங்கிய கொஞ்ச நாளில் பழைய நண்பர் வந்துவிட்டார். பதினாறு இழைகளிலும் ஜிசிசியை ஓட்டினால் எங்கோ ஒன்று சிக்னல் 11ல் விழுகிறது. இடம் மாறி மாறி.

வழக்கமான பதில்களே முதலில் வந்தன. ராமைப் பார், எஸ்எம்பிஎஸ்ஸைப் பார், பயாஸைப் புதுப்பி. எல்லாம் செய்து பார்த்தார்கள். ராம் வேகத்தைக் குறைத்தார்கள், மின்னழுத்தத்தைக் கூட்டினார்கள், ஒரு கருவில் இரண்டு இழை ஓடும் வசதியை நிறுத்தினார்கள், பிராசசரின் மைக்ரோ ஆப் கேஷை அணைத்தார்கள். சிலருக்குக் குறைந்தது. யாருக்கும் நிச்சயமாகப் போகவில்லை. பிறகு ஒரு சிறு ஸ்கிரிப்ட் கைக்குக் கை மாறியது. ராமிலேயே ஒரு தற்காலிக வட்டை அமைத்து, ஜிசிசியை ஒரே சமயத்தில் பல பிரதிகளாகத் திரும்பத் திரும்பக் கம்பைல் செய்யும். எத்தனையாவது நொடியில் முதல் பிரதி சாகிறது என்று காட்டும். சிலருக்கு இரண்டு நிமிடம், சிலருக்கு ஒரு மணி நேரம். சில்லின் தயாரிப்பு வாரம், மதர்போர்டு, ராம், விழுந்த நேரம் என்று அட்டவணை போட்டார்கள். வேறு வேறு மதர்போர்டு, வேறு வேறு ராம், பிராசசர் மட்டும் பொது. அட்டவணை நீண்டுகொண்டே போனது.

2017 ஆகஸ்டில் ஏஎம்டி வாயைத் திறந்தது. லினக்ஸில், சில வேலைச் சுமைகளில் மட்டும், சில ரைசன் சில்லுகளில் 'செயல்திறன் விளிம்புநிலைச் சிக்கல்' இருப்பதாகச் சொன்னது. (கெட்டுப்போன சாம்பாரை 'சுவை விளிம்புநிலையில் உள்ளது' என்று சொல்லும் ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள்.) த்ரெட்ரிப்பர், எபிக் சில்லுகளில் இது இல்லை என்றும், பாதிக்கப்பட்டவர்கள் வாடிக்கையாளர் சேவையை அணுகலாம் என்றும் அறிவித்தது. அணுகியவர்களுக்குச் சில்லை மாற்றிக் கொடுத்தார்கள். கோடைக்குப் பின் தயாரான சில்லுகளில் பிரச்சினை இல்லை. பொதுவாகத் திரும்பப் பெறும் அறிவிப்பு எதுவும் வரவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும்தான். கம்பைலே செய்யாத எத்தனையோ பேர், தங்களிடம் இருப்பது குறையுள்ள சில்லு என்று தெரியாமலே அதைப் பயன்படுத்தி முடித்திருப்பார்கள். மாற்றுச் சில்லு வாங்கியவர்கள் முதல் வேலையாக அதே ஸ்கிரிப்ட்டைத்தான் ஓட்டிப் பார்த்தார்கள்.

2023 டிசம்பர் இறுதியில் ஜென்டூவே தயார்நிலை பைனரித் தொகுப்புகளைப் பெரிய அளவில் வழங்கப் போவதாக அறிவித்தது. விருப்பமிருந்தால் இறக்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் பழையபடி கம்பைல் செய்துகொள்ளலாம். ராத்திரி முழுக்கக் கம்பைலரை ஓடவிட்டுத் தூங்கப் போகவேண்டிய கட்டாயம் அங்கேயும் குறைந்தது.

அதற்குள் சாட்சி சொல்லும் வேலை வேறொருவர் கைக்குப் போயிருந்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை பிராசசர்கள் வைத்திருந்தவர்களின் கணினிகளில் விளையாட்டுகள் தொடங்கும்போதே விழுந்துகொண்டிருந்தன. விளையாட்டு தொடங்கும்போது ஷேடர் என்ற சிறு நிரல்களைக் கம்பைல் செய்யும் கட்டம் ஒன்று உண்டு, பலருக்கு அந்தக் கட்டத்தில். மறுபடியும் கம்பைல்தான்! ஆனால் திரையில் வந்த செய்தி, கிராபிக்ஸ் கார்டில் மெமரி போதவில்லை என்றது. அதை நம்பி, நல்ல கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டு அலைந்தவர்கள் பலர். பிராசசருக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய்க்கொண்டிருந்தது என்று 2024 ஜூலையில் இன்டெல் சொன்னது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, 3 ஆண்டு உத்தரவாதம் 5 ஆண்டாக நீண்டது. ஏற்கனவே பழுதான சில்லுகளை அந்தத் திருத்தத்தால் மீட்க முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதையும் இன்டெல் ஒப்புக்கொண்டது.